ஒரு காது அந்த அறைக்கு

நான் கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்த யோசனை வந்தது. பரணில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் தாத்தாவின் மைக் செட்டை இறக்கி, அதில் ரிக்கார்டு பிளேயரைச் செருகிப் பார்த்தால் என்ன?

வேடிக்கைக்காகத்தான். அப்போது நான் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம். டிரான்சிஸ்டர் வந்த பிறகும் வால்வைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைப் பற்றி வகுப்பில் கிண்டலடித்துக் கைதட்டல் வாங்கியவன். அந்தப் பெட்டியோ வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்ததே அல்ல. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில், வாடிவாசலுக்கு மேலே மூங்கிலில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி நாலு ஊருக்குக் கேட்கும்படி கத்துவதற்காகச் செய்தது. தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஊரில் புது செட் வாங்கியதும் பழையதைத் தாத்தாவுக்கே கொடுத்துவிட்டார்கள். அத்தனை வருஷம் அந்த மைக்கைப் பிடித்து மாடுகளின் பெயரைச் சொன்னவர் அவர்தானே. பக்கவாதம் வந்து அவரைக் கே.கே. நகர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பெட்டியும் கூடவே வந்தது.

உடைந்த ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய காகித ஸ்பீக்கரை அதில் இணைத்தேன். வீட்டிலிருந்த ஒரே நாதஸ்வர எல்.பி.யைப் போட்டேன். சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. சரி, செத்த பெட்டி என்று எழுந்துகொள்ளப் போகும்போது வால்வுகளின் கண்ணாடிக் குமிழ்களுக்குள் செம்மஞ்சளாக ஏதோ கனிந்தது. லேசாக ஒரு உறுமல். அதற்குப் பின்னால் இருந்து நாதஸ்வரம் வந்தது.

என் ஆம்ப்ளிஃபயரில் அதே ரிக்கார்டு தகரத்தை வெட்டுகிற மாதிரி இருக்கும். இதில் ஊதுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. சீவாளி ஈரமாக இருப்பது தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால், அரிசி களைந்த தண்ணீர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நிலைப்படியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இது என்ன மாப்ள, இதுல பாட்டுக்குப் பின்னாடி வீடு கேக்குது?" என்றாள்.

புரியவில்லை. "வீடு கேக்குதுன்னா?"

"ஒன்னோடதுல பாட்டப் போட்டா வேற ஒண்ணும் கேக்காது. செவுத்த வச்சு அடைச்ச மாதிரி இருக்கும். இதுல பாட்டும் கேக்குது, அய்யா பொரண்டு படுத்தாக் கட்டில் கிறீச்சுங்கறதும் கேக்குது."

சொல்லி முடிக்கவில்லை, முன்னறையிலிருந்து, "ஏத்தா..." என்று தாத்தாவின் குரல். பாதி வாயில் வரும் குழறல். "இந்தா வாரேன்யா" என்று அத்தை எழுந்துவிட்டாள். சட்டித் தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்படி எழுந்து எழுந்து பழகிய உடம்பு.

அத்தையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். அவளுக்கு இரண்டு காது. அதில் ஒன்றுதான் அவளுடையது. நீங்கள் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பாள். மறுகாது முன்னறைப் பக்கம் திரும்பியிருக்கும். "முழுசாக் கேளு அத்தை" என்று நான் சண்டை போட்டால், "ஒனக்கு ஒரு காது குடுத்தேன்ல, அம்புட்டுத்தான் சரக்கு" என்பாள்.

அதனால் அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது. ரேடியோவில் வரும் பாட்டெல்லாம் பல்லவியோடு நின்றுவிடும். நாடகம் போட்டால் முதல் காட்சி. அடுத்த வீட்டு மருமகள் புகுந்த வீட்டுக் கதை சொல்ல வந்தால் மாமியார் வாசலில் நிற்பதுவரை. மீதியை நான்தான் கேட்டு வந்து சொல்ல வேண்டும். "அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று சட்டி தேய்த்துக்கொண்டே கேட்பாள். நான் சொல்ல ஆரம்பித்ததும், "ஏத்தா..."

அவளுக்கு இருபத்திமூன்று வயதில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு இடம் பேசியிருந்தார்கள். அந்த மாசம்தான் தாத்தா விழுந்தார். "அவரு எந்திரிச்சதும் பாப்போம்" என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்குத் தல்லாகுளத்தில் ஆபீஸ், அம்மாவுக்குப் பள்ளிக்கூடம். இரண்டு பேரும் நல்லவர்கள். அத்தை இருக்கிறாள் என்று காலையில் நிம்மதியாகக் கிளம்பிப் போவார்கள். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கயிறே கிடையாது. ஒரு குரல்தான்.

வால்வு விஷயத்தை நான் விடவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பாதி காரணத்தைக் கண்டுபிடித்தேன். பிளேயரின் ஊசிக்குப் பின்னால் இருக்கும் படிகத்துக்குப் பெரிய மின்தடை வேண்டும். என் டிரான்சிஸ்டர் சர்க்யூட் சின்னதாகக் கொடுத்து, அடிச் சத்தத்தை முழுக்க விழுங்கியிருக்கிறது. வால்வு அதை விழுங்கவில்லை. இதை அத்தையிடம் கட்டத்தோடு விளக்கினேன்.

"சரிதான். அப்ப வீடு கேக்குறதுக்கு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?" என்றாள்.

அது புத்தகத்தில் இல்லை.

வால்வு ஒன்று மங்கியபோது தல்லாகுளத்தில் மைக் செட் கடை வைத்திருந்த ஒரு அண்ணனிடம் போனேன். வீட்டில் அத்தை பாட்டுக் கேட்க என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் கடைக்கு எதிரே நின்ற ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டா தம்பி, நாலு ஊருக்குக் கேக்குற மிசினுடா இது. இத வச்சு ஒரு பொம்பளைக்குக் கேக்குற அளவுக்குப் பாட்டுப் போடுறியா? யானையக் கூப்புட்டு வெத்தலைக்குக் காம்பு கிள்ளச் சொல்ற கதையால்ல இருக்கு!"

"நல்லாக் கிள்ளுதுண்ணே" என்றேன்.

உண்மையிலேயே நன்றாகக் கிள்ளியது. சத்தக் குமிழை ஒரு இழைதான் திருப்புவேன். அத்தை அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டே கேட்பாள். ஆனால் ரிக்கார்டின் ஒரு பக்கம் இருபத்தோரு நிமிஷம். அவள் அதிகபட்சம் கேட்டது ஏழு. ஆலாபனை முடிந்து தவில் சேரும் இடம் வருவதற்குள் முன்னறை கூப்பிட்டுவிடும். அவள் திரும்பி வரும்போது ஊசி நடு அட்டையில் உரசிக்கொண்டிருக்கும்.

"ஒரு நாளு, ஒரு பக்கம், ரெண்டு காதாலயும் கேட்டுப்புடணும் மாப்ள" என்றாள் ஒருநாள். ஆசைப்பட்ட மாதிரிகூட இல்லை. வெள்ளையடிக்கணும், கூரையில் ஓட்டை அடைக்கணும் என்கிற மாதிரி சொன்னாள்.

எனக்கு அது போதும். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதலில் அளந்தேன். தாத்தாவைக் கொண்டுவந்த புதிதில் அவர் குரல் தெருமுனைவரை கேட்குமாம். அத்தை தெருமுனைக் கீரைக்காரியிடம் நின்று பேசுவாளாம். அம்மா சொன்னாள். இரண்டு வருஷத்தில் அடிபம்புவரை. அப்புறம் வாசல் கேட். அப்புறம் கொல்லையில் துணி காயும் கொடி. இப்போது அடுக்களை. அவர் குரல் தேயத் தேய அவள் நடமாட்டமும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு ஊர் ஜனத்தை வாடிவாசலில் அதட்டிய குரல் இரண்டு அறை தாண்டவில்லை. இத்தனை வருஷமாக என் கண்ணெதிரே நடந்தது. வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் தாளைப் பெருமையோடு அவளிடம் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"இந்தக் கோடு எப்பக் கட்டிலத் தொடும்?"

நான் உற்சாகமாகக் கணக்குப் போட்டேன். "நாலு வருசம் அத்தை. இல்லாட்டி அதுக்கும் முன்னாடி."

"கெட்டிக்காரன்" என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

விடை என் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. குரல்தானே சின்னது? நம்மிடம் இருப்பதோ குரலைப் பெரிதாக்கும் பெட்டி. தாத்தாவின் தலைமாட்டில் மைக்கை வைத்து, வயரை இழுத்து மாடியில் ஒரு ஸ்பீக்கரை வைத்தால் அத்தை மாடிக்குப் போகலாம். இன்னும் இழுத்தால் தெருமுனை. கீரைக்காரியே திரும்ப வருவாள்.

நூறு அடி வயர் இழுத்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் பெட்டியோடு வந்த குழாய் ஸ்பீக்கரைக் கட்டினேன். வயர் தாங்குகிறதா என்று பார்க்க நாதஸ்வர ரிக்கார்டைப் போட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். வீட்டுமேல் குழாய் கட்டி நாதஸ்வரம் போட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டு அம்மா புதுச்சேலை உடுத்தி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வாசலில் நிற்கிறார். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"கமுக்கமா இருந்துட்டீங்களே டீச்சர்! ஒங்க நாத்தனாவுக்கு எந்த ஊரு மாப்பிள்ளை?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மாடிப்படியில் பாதியில் நின்றேன். மேலே நாதஸ்வரம் போய்க்கொண்டே இருக்கிறது. அத்தைதான் வந்தாள். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

"மருமகன் மிசினு சோதிக்கிறான்க்கா. பந்தி போட்டா மொத எல ஒங்களுக்குத்தான்" என்று சிரித்தாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்த வெற்றிலையை அவள் போடவில்லை. சாயங்காலம் அது அடுக்களை மேடையில் வாடிக் கிடந்தது.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளே குழாயைத் தெருப்பக்கமிருந்து உட்பக்கம் திருப்பிக் கட்டி, ஸ்டூல் போட்டுத் தாத்தாவின் தலையணைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தேன். "போ அத்தை, மாடிக்குப் போ" என்று தள்ளாத குறையாக அனுப்பினேன்.

எத்தனையோ வருஷம் கழித்து மாடிக்கு வருகிறாள். வெயில் தாழ்ந்திருந்தது. யானைமலையைப் பார்த்தாள். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பி, "அடி ஆத்தி, கண்மாயில தண்ணி கெடக்கு!" என்றாள். வண்டியூர்க் கண்மாய் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதில் தண்ணீர் கிடப்பது அவளுக்குச் செய்தி.

அப்போது குழாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கர்ர்... என்று இழுத்து, சற்று நின்று, மறுபடி கர்ர்... தாத்தாவின் மூச்சு. கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் குழாயைப் பார்த்தாள்.

அடுத்து டக், டக் என்று இரண்டு தட்டு. மைக்கை விரலால் தட்டிப் பார்க்கிறார்! இடது கை மட்டும்தான் அவருக்கு அசையும். ஃபூ என்று ஒரு ஊது. பிறகு, குழறலாக, ஆனால் இருபது ஆள் சத்தத்துக்கு: "ஏய்... வடக்க நிக்கிறவன்... தள்ளி நில்லு... மாடு வருது..."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்று வடக்கே பார்த்தார். தாத்தா இன்னும் இரண்டு மாட்டை அவிழ்த்துவிட்டார். அப்புறம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஏத்தா!"

மாடியே அதிர்ந்தது. "இந்தா வாரேன்யா!" அத்தை படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மைக்கை எடுக்க அவர் விடவில்லை. எடுத்தால் கஞ்சி குடிக்க மாட்டார், கண்ணில் நீர் வடிப்பார். "இருந்துட்டுப் போகட்டும்டா, பாவம்" என்றார் அப்பா. குழாயை இறக்கிவிட்டு, காகித ஸ்பீக்கரை அடுக்களையில் மாட்டினேன், கொல்லையில் இன்னொன்று. அப்பா கேட்டதால்தான். பிளேயரைச் செருக அதில் இடம் இருந்தது, ஆனால் பாட்டுப் போட்டால் அவர் குரல் கேட்காதே. எல்.பி. உறைக்குள் போனது.

எனக்கு உதித்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. முன்பெல்லாம் அவர் கூப்பிட்டால்தான் அவளுக்குக் கேட்கும். இரண்டு கூப்பாட்டுக்கு நடுவில் அவளுக்கென்று கொஞ்சம் இடம் இருந்தது. இப்போது கூப்பிடாததும் கேட்டது. இருமல், புரளல், மூச்சு. வால்வு எதையும் விழுங்குவதில்லை என்று நான்தானே சொன்னேன். சோறு வடிக்கும்போதும், குளிக்கும்போதும், கொடியில் துணி போடும்போதும் கர்ர்... கர்ர்...

"நிப்பாட்டிரட்டா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம். இப்ப நிப்பாட்டுனா, ஏன் கேக்கலைன்னு இருக்கும்." கொடியில் துணியை உதறிப் போட்டபடி, "நல்லாத்தான் கேக்குது மாப்ள. மூச்சு விடுறதுகூட" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் என்னைக் குடைகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதெல்லாம் ஏதோ விஞ்ஞானக் கோளாறு என்று ஆகிவிடும். வயர் இழுப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், சித்திரைத் திருவிழாவில், தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு கூப்பிடும் எதிர்சேவை அன்று, அத்தை போய் வரட்டும் என்று முடிவானது. அப்பா அம்மா முன்னாலேயே போய்விட்டார்கள். "நான் தாத்தாவப் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்று நெஞ்சைத் தட்டினேன். அவள் மல்லிகை வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஐந்து நிமிஷத்தில் தாத்தா, "ஏத்தா..." என்றார். போய்ப் பார்த்தேன். படுக்கை நனைந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு எதையும் பார்க்கவில்லை, ஓடினேன். பஸ் ஸ்டாப்புக்கு. பஸ் வந்து நின்றிருந்தது, அவள் ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். நான் கூப்பிடவே இல்லை, மூச்சிரைக்க நின்றேன், அவ்வளவுதான். காலை எடுத்துவிட்டாள்.

"நல்லதாப் போச்சு, இந்தக் கூட்டத்துல யாரு போவா" என்று என் தலையைத் தடவிக்கொண்டே நடந்து வந்தாள். வந்து பூவைக்கூட எடுக்காமல் விரிப்பை மாற்றினாள். "ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்க வரும்" என்றாள் அம்மா, திரும்பி வந்தபிறகு. எனக்கு அதைக் கேட்டபோது அவமானமாக இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அதன் பிறகுதான் மைக், நூறு அடி வயர், வரைபடத் தாள் எல்லாம். அந்த ஸ்டூலில் மைக்கை வைக்கத் தோன்றிய எனக்கு, நான் உட்காரலாம் என்று தோன்றவில்லை.

படிப்பு முடிந்ததும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷமாகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் ஒரு ராத்திரி, ஒரு பகல். அத்தை தலையைச் சாய்த்து, "மிசினெல்லாம் நல்லா ஓடுதா மாப்ள?" என்பாள். நான் ஆரம்பிப்பேன். முடிப்பதற்குள் ஸ்பீக்கர் கூப்பிடும்.

போன மாதம் அம்மா கடிதம் எழுதியிருந்தாள். செட்டு எரிவதில்லையாம். தாத்தா கூப்பிடுவது பக்கத்தில் இருந்தால்தான் கேட்கிறதாம். அத்தை அந்த அறையிலேயே, கட்டில் காலடியில் பாய் போட்டுக்கொண்டாளாம். வரும்போது வால்வு கிடைத்தால் வாங்கி வா என்று கடைசி வரி. என் வரைபடத் தாள் சொன்னதைவிட ஒரு வருஷம் முன்னாலேயே கோடு கட்டிலைத் தொட்டுவிட்டது.

வால்வு வாங்கிவிட்டேன். ஒன்றுக்கு இரண்டாக, பனியனில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் கொண்டு போகிறேன். என் அறையில் தங்கியிருக்கும் நண்பனின் அப்பா எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு பேரும் மாறி மாறி இருந்தோம். படுத்திருப்பவரை ஒருக்களித்துப் புரட்டி, கீழே விரிப்பை உருவி, புதிதை நுழைக்க எனக்கு இப்போது தெரியும். முதல் நாள் குமட்டியது. மூன்றாம் நாள் பேசிக்கொண்டே செய்தேன்.

பொங்கலுக்கு மறுநாள், மத்தியானம், அப்பா அம்மா சொந்தக்காரர் வீட்டுக்குப் போன பிறகு செய்யப் போகிறேன். மைக்கைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுவிடுவேன். பிளேயரைச் செருகுவேன். அத்தையைப் பின்னறையில், ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைப்பேன். நான் ஸ்டூலில் உட்காருவேன். நாதஸ்வரம் தொடங்கும். நாலாவது நிமிஷமோ ஆறாவது நிமிஷமோ தாத்தா, "ஏத்தா" என்பார். நான், "இந்தா வாரேன்யா" என்பேன்.

அதுவரை எனக்குத் தெரியும். பின்னறையில் அவள் எழுந்திருக்காமல் இருப்பாளா என்பது தெரியாது. எழுந்து வந்து நிலைப்படியில் நின்றால் ஊசியைத் தூக்கிவிட்டு மறுநாள் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.